கல்லறையா, ஓவியமா?

கேள்வி: பாரீஸில் எங்களுக்கு ஒரு நாள்தான் மிச்சம். பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டமா, ஓர்சே அருங்காட்சியகமா? எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் கிழமையைப் பாருங்கள். திங்கள் என்றால் பட்டிமன்றமே வேண்டாம்; அன்று ஓர்சேவுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் என் ஓட்டு ஓர்சேவுக்கே. 1900-இல் ரயில் நிலையமாகத் திறந்த கட்டடம், 1986 முதல் அருங்காட்சியகம். மோனே, ரெனுவார், வான்கோ எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். வான்கோ அப்பிய வண்ணத்தின் தடிப்பை நேரில்தான் பார்க்க முடியும். எந்த அச்சுப் படமும் அதைக் காட்டாது.

பெர் லஷேஸும் லேசுப்பட்டதல்ல. 1804-இல் திறந்தது, சுமார் 44 ஹெக்டேர், அனுமதி இலவசம். பால்சாக், ஷோபன், எடித் பியாஃப், ஜிம் மாரிசன் என்று பெரிய பட்டாளமே அங்கே உறங்குகிறது. ஆஸ்கர் வைல்டின் சமாதியில் ரசிகர்கள் பதித்த உதட்டுச்சாய முத்தங்கள் கல்லையே அரிக்க, 2011-இல் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். ஆனால் பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். வாசலிலேயே வரைபடத்தைப் பார்த்து, வேண்டிய நாலைந்து சமாதிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாள் வியாழனாக அமைந்தால் யோகம்தான். அன்று ஓர்சே இரவு 9.45 வரை திறந்திருக்கும். காலையில் கல்லறை, மாலையில் ஓவியம், இரண்டையும் பார்த்துவிடுங்கள்!