நினைவைச் சுமந்த நடிகை

பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதியை ஆய்வு செய்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டு இங்குப் ‘போ’ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. காடு அழிக்கப்பட்டுச் சரிவுகளில் தேயிலைச் செடிகள் நடப்பட்டன. அவ்வேலையில் தமிழர்களின் உழைப்பும் கலந்திருந்தது.

இன்று இம்மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தோட்டங்களைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். ஆனால், இந்தப் பசுமைக்குள் போர், பிரிவு, மன்னிப்பு ஆகியவற்றைப் பற்றிய கதை ஒன்று உண்டு. நம் நாட்டு எழுத்தாளர் ஒருவர் அதனை நாவலாக எழுதினார். நம் நாட்டில் பிறந்த நடிகை ஒருவர் அதன் நாயகியாகத் திரையில் வாழ்ந்து காட்டினார். அவர்தாம் லீ சின்ஜே.

பிறப்பும் தொடக்கமும்

லீ சின்ஜே 1976ஆம் ஆண்டு கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் பிறந்தார். ‘சின்ஜே’ என்னும் சீனச் சொல் தூய உள்ளத்தைக் குறிக்கும். வெளிநாட்டு இரசிகர்கள் இவரை ஏஞ்சலிக்கா லீ என்றும் அழைக்கின்றனர். நெல்வயல்கள் சூழ்ந்த வட மாநிலத்திலிருந்து புறப்பட்ட இவர், தைவானில் பாடகியாக அறிமுகமானார், இசைத்தட்டுகளும் வெளியிட்டார். பாட்டு அவருக்கு வாசலைத் திறந்தது. அந்த வாசல் வழியே நடிப்புலகில் கால்பதித்தார்.

2001ஆம் ஆண்டு, தைவான் இயக்குநர் லின் செங் ஷெங் இயக்கிய ‘பீட்டல்நட் பியூட்டி’ திரைப்படத்தில் இவர் நடித்தார். தைவான் நகரங்களில், சாலையோரக் கண்ணாடிக் கடைகளில் அமர்ந்து பாக்கு விற்கும் இளம்பெண்கள் உண்டு. அத்தகைய ஒருத்தியே இவர் ஏற்ற பாத்திரம். வெற்றிலைப் பாக்கை மங்கலப் பொருளாகக் காணும் தமிழ் மாணவர்களுக்கு, அதே பாக்கு வேறொரு மண்ணில் ஒரு பெண்ணின் பிழைப்பாக அமைந்திருப்பது வியப்பைத் தரலாம். அப்படம் பெர்லின் அனைத்துலகத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. லீ சின்ஜே அங்கு இளம் நடிகைக்கான விருதைப் பெற்றார்.

பார்வை பெற்ற பெண்

அடுத்த ஆண்டே அவருடைய வாழ்வில் திருப்புமுனை நேர்ந்தது. பாங் சகோதரர்கள் இயக்கிய ‘தி ஐ’ என்னும் திகில் படம் 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் சிறு வயதிலேயே பார்வையிழந்த வயலின் கலைஞராக இவர் நடித்தார். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அப்பெண்ணுக்குப் பார்வை கிடைக்கிறது. ஆனால், பிறர் காணாதவையும் அவள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.

திகில் படங்களில் அலறுவது எளிது. இப்பாத்திரம் கேட்டதோ அதனினும் கடினமானது. தொட்டும் கேட்டும் உலகை அறிந்த ஒருத்தி, கண்ணால் பார்த்து அறியப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பழகிய பொருளே கண்முன் இருந்தாலும், அதைத் தொடும்வரை அவளால் இனங்காண முடியாது. அந்தத் தடுமாற்றத்தைக் கண்ணாலும் விரலாலும் நடையாலும் காட்டியாக வேண்டும். லீ சின்ஜே அதனைச் செய்து காட்டினார். அதற்காகத் தைவானின் தங்கக் குதிரை விருது விழாவில் 2002ஆம் ஆண்டின் சிறந்த நடிகையாகத் தேர்வு பெற்றார். மறு ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதும் அவரைத் தேடி வந்தது.

அப்படத்தின் தாக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. அதே கருவைத் தழுவி, சினேகா நடித்த ‘அது’ என்னும் தமிழ்ப்படம் 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. 2008ஆம் ஆண்டு ஹாலிவுட்டும் அதனை மறுஆக்கம் செய்தது.

இரு நடிகையர், ஒரே பெண்

லீ சின்ஜேயின் கலைப்பயணத்தில் குறிப்பிடத்தக்க மற்றொருவர் சில்வியா சாங். தைவானைச் சேர்ந்த இவர் நடிகையாகவும் இயக்குநராகவும் புகழ்பெற்றவர். 2002ஆம் ஆண்டு ‘பிரின்சஸ் டி’ படத்தில் லீ சின்ஜேயை இயக்கினார். பின்னர், 2004ஆம் ஆண்டு ‘20 30 40’ என்னும் படத்தை உருவாக்கினார். இருபது, முப்பது, நாற்பது ஆகிய வயதுகளில் நிற்கும் மூன்று பெண்களின் கதை அது. நாற்பதின் பாத்திரத்தைச் சில்வியா சாங் ஏற்றார். இருபதின் பாத்திரம் லீ சின்ஜேக்குக் கிடைத்தது. பாடகியாகும் கனவோடு மலேசியாவிலிருந்து தைப்பேக்கு வரும் பெண் அவள். ஒரு காலத்தில் தாம் நடந்த பாதையையே திரையில் மீண்டும் நடக்கும் வாய்ப்பு அந்த நடிகைக்கு வாய்த்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து இவ்விருவரும் மேலும் வியப்பான முறையில் இணைந்தனர். ஒரே பெண்ணின் இளமையை ஒருவரும் முதுமையை மற்றவரும் ஏற்று நடித்தனர். அந்தப் பெண்ணின் பெயர் யுன் லிங். கதைக்களம் கேமரன் மலை.

தேயிலை மலையில் ஒரு தோட்டம்

பினாங்கில் பிறந்த தான் துவான் எங், வழக்கறிஞராகப் பணியாற்றி எழுத்தாளரானவர். அவருடைய ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’ என்னும் ஆங்கில நாவல் 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. தலைப்பை ‘அந்திப் பனியின் தோட்டம்’ எனத் தமிழில் கூறலாம். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற இந்நாவல், மேன் ஆசிய இலக்கியப் பரிசையும் வென்றது.

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில், யுன் லிங்கும் அவளுடைய அக்காளும் தடுப்பு முகாமில் அடைக்கப்படுகின்றனர். முகாமிலிருந்து உயிரோடு மீள்பவள் யுன் லிங் மட்டுமே. அக்காளுக்கு ஜப்பானியத் தோட்டக் கலைமீது தீராத விருப்பம் இருந்தது. அந்த நினைவைப் போற்ற ஒரு தோட்டம் அமைக்க வேண்டும் என யுன் லிங் உறுதி கொள்கிறாள். ஆனால், அக்கலையை அறிந்தவர் அரித்தோமோ என்னும் ஜப்பானியர். ஒரு காலத்தில் ஜப்பானியப் பேரரசரின் தோட்டக்காரராக இருந்த அவர், இப்போது கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்திற்கு அருகில் வாழ்கிறார். நாட்டில் அவசரகாலம் நடைமுறையில் உள்ள 1951ஆம் ஆண்டு, அவள் அவரைத் தேடி மலையேறுகிறாள். தோட்டம் அமைத்துத் தர அவர் மறுக்கிறார். வேண்டுமானால் தம்மிடம் மாணவியாக இருந்து கலையைக் கற்றுக்கொள் என்கிறார்.

தன் குடும்பத்தைச் சிதைத்த நாட்டைச் சேர்ந்தவரிடமே கைகட்டி நின்று பாடம் கற்க வேண்டும். வெறுப்பை விட்டுவிட்டால் அக்காளுக்குத் துரோகம் செய்வதாகுமா? விடாமல் பற்றிக்கொண்டால் தன் எஞ்சிய வாழ்வு என்னாகும்? இந்த இரு கேள்விகளுக்கு இடையில் யுன் லிங் மண் சுமக்கிறாள், கல் நகர்த்துகிறாள்.

தைவான் இயக்குநர் டாம் லின் ஷு யு இக்கதையைத் திரைப்படமாக்கினார். ஆஸ்ட்ரோ ஷாவும் எச்.பி.ஓ. ஆசியாவும் இணைந்து தயாரித்த இப்படம் மலேசியாவிலேயே படமாக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு பூசான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஜப்பானிய நடிகர் ஹிரோஷி அபே அரித்தோமோவாகவும், லீ சின்ஜே இளமைக்கால யுன் லிங்காகவும், சில்வியா சாங் முதுமைக்கால யுன் லிங்காகவும் நடித்தனர். பெரும்பகுதி உரையாடல் ஆங்கிலத்தில் அமைந்தது. மாண்டரின், காண்டனீஸ் படங்களில் புகழ்பெற்ற லீ சின்ஜேக்கு அது புதிய சவாலாகும். யுன் லிங் அதிகம் பேசுபவள் அல்லள். தன் துயரத்தைப் பிறரிடம் கொட்டுபவளும் அல்லள். ஆகவே, இறுகிய முகத்தின் வழியாகவே உள்ளக் கொந்தளிப்பைப் புலப்படுத்த வேண்டியிருந்தது. அவ்வாண்டின் தங்கக் குதிரை விருதுகளில் ஒன்பது பிரிவுகளுக்கு இப்படம் பரிந்துரைக்கப்பட்டது. ஒப்பனை, ஆடை வடிவமைப்புக்கான விருதை வென்றது.

இரவல் காட்சி

ஜப்பானியத் தோட்டக் கலையில் ‘ஷாக்கெய்’ என்றொரு முறை உண்டு. ‘இரவல் காட்சி’ என்பது அதன் பொருள். வேலிக்கு அப்பால் உள்ள மலையையும் வானையும் தோட்டத்தின் ஒரு பகுதியாகவே தோன்றச் செய்வது அம்முறை. மலை தோட்டக்காரருக்குச் சொந்தமன்று. எனினும், மரங்களையும் கற்களையும் உரிய இடத்தில் அமைத்தால், அந்த மலை தோட்டத்திற்குள் வந்துவிடுகிறது. யுன் லிங் கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

நடிப்பும் ஏறத்தாழ இத்தகையதே. முகாமின் கொடுமை லீ சின்ஜேயின் சொந்த அனுபவமன்று. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர் அவர். பிறருடைய துயரத்தை இரவல் வாங்கித்தான் அவர் நடித்தார். இரவல் வாங்கிய பொருளைப் பழுதின்றித் திருப்பித் தருவது கடமை. நடிகரும் தாம் ஏற்ற வாழ்க்கையை மிகைப்படுத்தாமலும் கொச்சைப்படுத்தாமலும் பார்வையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். லீ சின்ஜேயின் நடிப்பில் காணப்படும் அடக்கத்தின் அருமை அங்குதான் இருக்கிறது.

மலையின் மற்றொரு நினைவு

இத்திரைப்படத்தில் தேயிலைச் சரிவுகள் பின்னணியாக விரிகின்றன. கதையின் மையத்தில் கொழுந்து பறிப்போர் இல்லை. கதை யுன் லிங்குடையது என்பதால் அது குறையாகாது. எனினும், கேமரன் மலைத் தோட்டத்தில் பாட்டனோ பாட்டியோ உழைத்த ஒரு மாணவருக்கு அந்தச் சரிவு வெறும் பின்னணியாகத் தோன்றாது. பனி விலகுமுன் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிரையில் இறங்கியவர்களின் இடம் அது. ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையை நிரப்பி, நிறுவைக்குக் கொண்டு சென்றவர்களின் இடம் அது. அவர்கள் பறித்த கொழுந்து ஆலையில் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தூளானது. தேநீர் நாடெங்கும் சென்றது. பறித்தவர்களின் கதை பெரும்பாலும் மலையிலேயே தங்கிவிட்டது.

அத்தகைய கதைகளும் திரையில் இடம்பெற இயலும் என்பதற்குச் சான்று உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்தின் வாழ்வைக் கூறும் ‘ஜகாட்’ என்னும் தமிழ்ப்படத்தைச் சஞ்சை குமார் பெருமாள் இயக்கினார். 2015ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம், மறு ஆண்டு நடைபெற்ற மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நாவலில், முதுமையடைந்த யுன் லிங் ஒரு நோயினால் மெல்ல மெல்லச் சொற்களை இழக்கத் தொடங்குகிறாள். முற்றிலும் இழப்பதற்கு முன் தன் நினைவுகளை எழுதிவிட வேண்டும் என அமர்கிறாள். நம் வீட்டு முதியவர்களின் நினைவுகளும் அவ்வாறே நாளும் குறைந்து வருகின்றன. அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால்தான், நாளை ஒருவர் நாடகமாகவோ திரைப்படமாகவோ அவற்றை உருவாக்க முடியும். நடிகர் ஏற்று நடிக்க ஒரு வாழ்க்கை வேண்டும். அந்த வாழ்க்கையை யாரேனும் ஒருவர் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அலோர் ஸ்டாரிலிருந்து புறப்பட்ட ஒரு பெண், பல நாடுகளில் பல பாத்திரங்களாக வாழ்ந்துவிட்டு, தம் தாய்நாட்டு மலையின் கதைக்குத் திரும்பி வந்தார். அந்த மலையில் சொல்லப்படாத கதைகள் இன்னும் காத்திருக்கின்றன.

சிந்தித்துக் கூறுக

1. ‘தி ஐ’ படத்தில் லீ சின்ஜே ஏற்ற பாத்திரம் எவ்வகையில் கடினமானது?
2. அரித்தோமோவிடம் மாணவியாகச் சேர்வது யுன் லிங்குக்கு ஏன் பெரும் மனப்போராட்டமாக அமைந்தது? அவளுடைய முடிவை நீ ஏற்கிறாயா? காரணம் கூறுக.
3. ‘இரவல் காட்சி’ என்னும் கருத்தை நடிப்போடு ஒப்பிட்டு விளக்குக.
4. உன் குடும்பத்து முதியவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால வேலையைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு காட்சிக்கான உரையாடலை எழுதுக.