தபால் வாக்கும் தபால்தலையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

மக்களாட்சியில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்று படிக்கிறோம். அந்த வாக்கைப் பெறவும் எண்ணவும் ஆகும் செலவு யாருடையது என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இதற்குக் கண்ட விடை அறியத்தக்கது.

இம்மாநிலத்தில் 39 கவுண்டிகள் உள்ளன. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாக் கவுண்டிகளிலும் தபால் மூலமே தேர்தல் நடைபெறுகிறது. வாக்குச்சீட்டு வீடு தேடி வரும். வாக்காளர் அதில் குறியிட்டு, உறையில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார். கவுண்டி அலுவலர்கள் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே சீட்டை எண்ணுவார்கள்.

2020 கணக்கெடுப்பின்படி கிங் கவுண்டியின் மக்கள்தொகை 22 லட்சத்துக்கும் மேல். கார்ஃபீல்டு கவுண்டியில் சுமார் 2,300 பேரே. சிறிய கவுண்டிக்கு உறைகள் குறையும். ஆனால் இயந்திரமும் பயிற்சி பெற்ற அலுவலரும் அங்கும் வேண்டும். ஆய்வுக்கூடத் தராசின் விலை, பத்து மாணவர்க்கும் நூறு மாணவர்க்கும் ஒன்றுதானே!

2018-இல் கிங் கவுண்டி, திருப்பி அனுப்பும் உறைக்கான தபால் கட்டணத்தைத் தானே ஏற்க முன்வந்தது. அன்று ஒரு தபால்தலை 50 சென்ட். ஒரே மாநிலத்தில் ஒரு கவுண்டியார் இலவசமாகவும், அடுத்த கவுண்டியார் காசு கொடுத்தும் வாக்கை அஞ்சலில் சேர்ப்பது முறையா? இக்கேள்வி எழவே, மற்றக் கவுண்டிகளுக்காக மாநில அரசு சுமார் 12 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2019-இல் இயற்றிய சட்டம் இக்கட்டணத்தை மாநிலத்தின் நிரந்தரப் பொறுப்பாக்கியது.

தபால்தலையோடு செலவு முடிவதில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது, தேர்தல் செலவுக்காக மத்திய அரசு மாநிலங்களுக்கு 40 கோடி டாலர் வழங்கியது. அது போதாமல் நாடெங்கும் பல உள்ளூர் அலுவலகங்கள் தனியார் நன்கொடையை ஏற்றன. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அத்தகைய நன்கொடையைத் தடை செய்தன அல்லது கட்டுப்படுத்தின. தடை சரியென்றே கொள்வோம். அந்த இடத்தைப் பொதுப்பணம் நிரப்ப வேண்டாமா?

“ஐம்பது சென்ட் பெரிய தொகையா?” என்று கேட்போர் உண்டு. வாக்களிக்க வரி கேட்பதை, மத்திய தேர்தல்களில் 1964-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் நீக்கிய நாடு அது. தபால்தலை வரி ஆகாது. ஆயினும் கையில் காசில்லாதவனுக்கு இரண்டும் ஒரே தடைதான்.

உரிமையைச் சட்டம் தருகிறது. அது ஏழையின் வாசலை எட்டச் செய்வது பொதுநிதியே.