கல்லீரலுக்கும் சாக்கு வேணும்!

என் பெரியப்பா சொட்டு மது தொடாதவர். ஸ்கேனில் 'கல்லீரலில் கொழுப்பு' என்று வந்ததும் ஊரே அவரைச் சந்தேகமாய்ப் பார்த்தது. எனக்கு மனசு கேக்கல. புத்தகங்களைப் புரட்டினேன்.

எங்க ஆலங்குடிப் பக்கம் கடலை பறித்ததும் சாக்கு இல்லேன்னா சரக்கு மண்டிக்குப் போகாது, களத்திலேயே குவிஞ்சு கிடக்கும். கல்லீரலும் அப்படித்தான். கொழுப்பை வி.எல்.டி.எல். என்னும் நுண் உருண்டைகளாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. அந்த உருண்டையின் மேலுறையில் முக்கியமானது பாஸ்பாடிடைல்கோலின், லெசித்தினில் இருப்பது. அதைச் செய்யக் கோலின் வேண்டும். உறை குறைந்தால் கொழுப்பு தேங்கும்.

கொழுப்புத் தேக்கத்தைத் தடுப்பது கோலின் என்று 1932-இல் டொராண்டோவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள் பெஸ்ட் குழுவினர். (இன்சுலின் புகழ் பெஸ்ட்தான்!)

கல்லீரல் தானாகவும் கொஞ்சம் தயாரிக்கும், போதாது. ஆணுக்கு நாளைக்கு 550 மி.கி. என 1998-இல் அமெரிக்காவில் வகுத்தார்கள். ஒரு முட்டையில் சுமார் 150 மி.கி., அதுவும் மஞ்சள் கருவில். ஹாஸ்டலில் அதைத்தான் நாம் ஒதுக்கி வைக்கிறோம்!

ஆனால் எல்லாருக்கும் காரணம் கோலின் குறைவல்ல. உடல் பருமன், சர்க்கரை, மது இவையே பெரும் காரணங்கள். பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது.