தனித்தியானமும் நல்லோர் துணையும்

தியானம் உள்ளத்தினுள் நிகழ்வது. அதற்கு ஆசிரியர் எதற்கு, சங்கம் எதற்கு என வினவும் அன்பர்கள் உளர். உதானம் என்னும் பாளி நூலில் வரும் மேகியரின் வரலாறு இதற்குத் தக்க விடையாகும்.

பகவான் புத்தர் சாலிகை மலையில் தங்கியிருந்த காலத்தில் மேகியர் என்னும் பிக்கு அவருக்குப் பணிவிடை செய்து வந்தார். ஒரு நாள் ஜந்து கிராமத்தில் பிச்சையேற்றுத் திரும்புகையில், கிமிகாளா நதிக்கரையில் அழகிய மாந்தோப்பொன்றைக் கண்டார். தியானத்திற்கு ஏற்ற இடம் இதுவே என்றெண்ணி, அங்குச் செல்ல விடை வேண்டினார். வேறொரு பிக்கு வரும்வரை பொறுக்குமாறு பகவான் பணித்தார். மேகியர் மீண்டும் மீண்டும் வேண்டவே, மூன்றாம் முறை அவர் தடுத்திலர்.

தோப்பின் நிழலில் அமர்ந்த மேகியரை அமைதி அணுகவில்லை. காம எண்ணமும், பகை எண்ணமும், பிறரைத் துன்புறுத்தும் எண்ணமும் சூழ்ந்தன. வியப்புற்றவராய்ப் பகவானிடம் மீண்டு நிகழ்ந்ததை உரைத்தார்.

பகவான் அவரைக் கடிந்ததாக நூல் கூறவில்லை. முதிராத மனம் முதிர்வதற்கு ஐந்து துணைகளை எடுத்துரைத்தார். நல்ல நட்பு, ஒழுக்கம், அறவுரையாடல், ஊக்கம், தோற்றமும் மறைவும் காணும் ஞானம் என்பன அவை. நல்ல நட்பை முதலில் வைத்ததேன்? அஃதிருப்பின் ஏனைய நான்கும் தொடர்ந்து வரும் என்பதனாலேயாம். அதன் பின்னரே காமத்திற்கு அசுப பாவனை, பகைமைக்கு மைத்திரி, சிதறும் எண்ணங்களுக்கு ஆனாபானசதி, 'நான்' என்னும் செருக்கிற்கு அநித்திய உணர்வு என மருந்துகளை வகுத்தார்.

மருந்தின் பெயரை நூலிலும் கற்கலாம். ஆயின் தன் நோயைத் தானே அறிதல் அரிது. உறக்க மயக்கத்தைச் சமாதியென மகிழ்வாரும், சிறு சஞ்சலங் கண்டு தமக்குத் தகுதியில்லையெனத் தியானத்தைக் கைவிடுவாரும் நம்மிடையே உண்டு. இருவரையும் காக்கவல்லது அனுபவமுள்ளோரின் ஒரு சொல்லே. சத்திய நாராயண கோயங்கா 1955-இல் பர்மாவில் ஊ பா கின் அவர்களிடம் பயிலத் தொடங்கி, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1969-இல்தான் இந்தியாவில் பயிற்றுவிக்க வந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தனிமை தீதென்பது இதன் கருத்தன்று. வனவாசத்தைப் பகவானே புகழ்ந்துள்ளார். மேகியர் தவறியது தோப்பை நாடியதில் அன்று. காலத்திற்கு முன் நாடியதில்.

ஆதலின், உபாசக அன்பர்களே! பௌர்ணமி தோறும் இருவர் மூவரேனும் ஒன்றுகூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, அரைமணி நேரம் அமர்ந்திருங்கள். பின்னர், நேர்ந்த இடர்களை மூத்தோரிடம் மறையாது கூறுங்கள். தோற்றதை ஒளியாமல் ஆசானிடம் திரும்பி வந்தாரே, அதிலேதான் மேகியரின் பெருமை உள்ளது.