பின்னல் தூண்டில் நூலும் அதற்கேற்ற முடிச்சுகளும்

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில் வெள்ளாங்குளம் அமைந்துள்ளது. இங்கிருந்தே துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளத்திற்குக் கிளை வீதி ஒன்று பிரிகின்றது. ஊரைச் சூழ வயல்களும் குளங்களும் உள்ளன. மேற்கே சிறிது தூரத்தில் ஆழங்குறைந்த பாக்கு விரிகுடாக் கடல். இத்தகைய கரையோரக் கிராமங்களில், காலபோக நெல்லை அறுத்துச் சூடடித்த பின்னர் கமக்காரர் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளக்கட்டிற்கோ கடற்கரைக்கோ செல்வது புதிதன்று. குளத்தில் விராலும், 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் அகப்படும். கடலில் பாரை, சீலா, கொடுவா முதலியன கிடைக்கும். வீட்டுக் கறிக்கு இஃது ஒரு நல்ல துணை.

அண்மைக் காலத்தில் கடைகளில் மெல்லிய பின்னல் நூல் தாராளமாக விற்கப்படுகின்றது. தங்கூசி எனப்படும் நைலோன் ஒற்றை நூலுக்குப் பதிலாகப் பலர் இதை வாங்குகின்றனர். வாங்கியவர்களிற் சிலர், நூல் அறாமலே மீன் முள்ளோடு போய்விட்டதென்று முறையிடுவதுண்டு. நூலில் குறையில்லை. தங்கூசிக்குப் பழகிய முடிச்சையே பின்னல் நூலுக்கும் இட்டதுதான் காரணம்.

நூலின் இயல்பு

முற்காலத்தில் பருத்தி நூலும் சணல் நூலுமே தூண்டிலுக்குப் பயன்பட்டன. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூபொன்ட் ஆய்வுகூடத்தில் நைலோன் உருவாக்கப்பட்டது; சில பத்தாண்டுகளுள் அது பருத்தி நூலைத் தூண்டிலிலிருந்தும் வலையிலிருந்தும் அகற்றிவிட்டது. இன்றைய பின்னல் நூலிற் பெரும்பாலானது நைலோன் அன்று. 1970களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட நூற்பு முறையினால், மிக நீண்ட மூலக்கூறுகளையுடைய பொலித்தீன் இழைகளாக இழுக்கப்படுகின்றது. அவ்விழைகள் நான்கு அல்லது எட்டுப் புரிகளாகச் சேர்த்துப் பின்னப்படுகின்றன. கடைப்பையும் இந்நூலும் ஒரே இனப் பொருள் என்பது வியப்பே. ஆயினும் மூலக்கூறுகள் ஒரே திசையில் ஒழுங்குபட நிற்பதால், எடைக்கு எடை ஒப்பிடின் இந்நூல் உருக்குக் கம்பியினும் பன்மடங்கு வலியது.

இவ்வலிமையோடு மூன்று இயல்புகளைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, இது மிக வழுக்கும் பொருள். மெழுகு பூசியதுபோல் ஓர் இழையின் மேல் மற்றோர் இழை சறுக்கும். இரண்டாவது, இது நீளாது. தங்கூசி அறுவதற்குமுன் தன் நீளத்தில் நாலிலொரு பங்கு வரைக்குங்கூட நீளக்கூடும். பின்னல் நூலோ நூற்றுக்கு மூன்று நான்கு பங்கிற்கு மேல் நீளாது. ஆகையால் மீன் திடீரென இழுக்கும்போது அதிர்ச்சி முழுவதும் முடிச்சின்மேல் விழுகின்றது. மூன்றாவது, இது வெப்பத்தைத் தாங்காது. ஏறத்தாழ 145 பாகை செல்சியசில் உருகிவிடும். நைலோன் உருகுவதற்கு 220 பாகையேனும் வேண்டும். சுருட்டு நெருப்புப் பட்டாற் போதும், நூல் போய்விடும்.

பருமனைக் கண்டும் ஏமாறலாகாது. 30 இறாத்தல், அதாவது 13½ கிலோகிராம் தாங்குமெனக் குறிக்கப்பட்ட பின்னல் நூல், 8 அல்லது 10 இறாத்தல் தங்கூசியின் பருமனே இருக்கும். மெல்லிய நூல் கையை வெட்டும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிச்சில் நூல் ஏன் அறுகின்றது?

நேராக நிற்கும் நூலில் எல்லா இழைகளும் பாரத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. நூல் வளையுமிடத்தில் வெளிப்புற இழைகள் இழுபட்டு நிற்க, உட்புற இழைகள் தளர்கின்றன. பாரம் முழுவதையும் சில இழைகளே தாங்குகின்றன. வளைவு எவ்வளவு கூரியதோ அவ்வளவு நூல் பலமிழக்கும். எனவே எந்த முடிச்சும் நூலின் முழுப் பலத்தையும் காப்பதில்லை. சாதாரண ஒற்றை முடிச்சு நூலின் பலத்தில் ஏறத்தாழப் பாதியை வீணாக்கும். தூண்டில் வீசும்போது காற்றினால் நூலின் நடுவில் தானாக விழும் முடிச்சும் இத்தகையதே. அதைக் கண்டவுடன் ஊசியால் அவிழ்த்தல் வேண்டும். இறுகிவிட்டதாயின் அவ்விடத்தை வெட்டிவிடுதலே நலம்.

நல்ல முடிச்சு என்பது யாது? நூலைக் கூர்மையாக மடிக்காமல் பல சுற்றுகளால் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்பது. வழுக்கும் நூலாயின் சுற்றுகள் அதிகமாக வேண்டும்; அன்றி, நூலை இரட்டையாக்க வேண்டும். பின்னல் நூலுக்குரிய முடிச்சுகள் யாவும் இவ்விரு வழிகளுள் ஒன்றையோ இரண்டையுமோ கையாள்கின்றன.

முள்ளிற் கட்டும் முடிச்சு

மேல்நாட்டார் பலோமார் என வழங்கும் முடிச்சே பின்னல் நூலுக்கு மிக ஏற்றது. இருட்டிலும் கட்டலாம், சிறுவரும் ஒரே நாளிற் பழகலாம். நூலின் முனையை ஒரு சாண் நீளத்திற்கு மடித்து இரட்டையாக்குக. மடிந்த நுனியை முள்ளின் காதினூடாகச் செலுத்துக. காது சிறிதாயின் ஒற்றை நூலை ஒரு முறை செலுத்தி, அதே வழியாகத் திரும்பக் கொண்டுவரலாம். பின்னர் அவ்விரட்டை நூலால் முள்ளுக்கு மேலே தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு இடுக. இப்போது நுனியில் ஒரு வளையம் நிற்கும். முள்ளை முழுவதும் அவ்வளையத்தினூடாக எடுத்து, வளையத்தை முடிச்சின் மேற்புறம் கொண்டுசெல்க. நூலை நனைத்து, முள்ளை ஒரு கையிலும் இரு நூல்களையும் மறு கையிலும் பிடித்து மெல்ல இறுக்குக. இரட்டை நூல்கள் ஒன்றன்மேலொன்று குறுக்கிடாது பக்கம் பக்கமாகப் படிதல் முக்கியம். குறுக்கிட்டால் ஒன்று மற்றொன்றை வெட்டும். முனையில் அரை சென்ரிமீற்றர் விட்டு வெட்டுக. நூல் புதியதாயும் மிக வழுக்குவதாயும் இருப்பின், தளர்ந்த முடிச்சில் நுனியை இரண்டு முறை செலுத்துவது பாதுகாப்பானது.

நனைப்பதற்குக் குளத்து நீரே போதும். உலர்ந்த நூலை விரைவாக இறுக்கினால் உராய்வினால் வெப்பம் எழும். கண்ணுக்குத் தெரியாத அச்சேதமே பின்னர் பெரிய மீனைப் பறிகொடுக்கச் செய்கின்றது.

பெரிய ஈயக்குண்டோ பல முட்களுள்ள கொத்தோ கட்டும்போது அதனை வளையத்தினூடாக எடுப்பது கடினம். அங்கே யூனி எனப்படும் சுற்று முடிச்சை இடலாம். முனையைக் காதினூடாகச் செலுத்தி, பிரதான நூலோடு ஒரு சாண் நீளத்திற்கு இணையாகக் கொண்டுவந்து, முள்ளை நோக்கித் திருப்பி ஒரு வளையம் அமைக்க வேண்டும். அவ்வளையத்தின் உள்ளே, இரு நூல்களையும் சேர்த்து முனையாற் சுற்ற வேண்டும். தங்கூசிக்கு ஐந்து சுற்றுப் போதும். பின்னல் நூலுக்கு எட்டுச் சுற்றிற் குறைதல் ஆகாது. முனையை இழுத்துச் சுற்றுகளைச் சேர்த்து, நனைத்து, பிரதான நூலை இழுக்க முடிச்சு காதுவரை வழுக்கிச் சென்று அமரும்.

இரு நூல்களை இணைத்தல்

முருகைக் கற்களிலும் சிப்பிகளிலும் உராய்ந்தால் பின்னல் நூல் விரைவில் நைந்துபோகும். சீலாவின் பல்லுக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஆகையால் முள்ளுக்கு அருகே ஒரு பாக நீளத்திற்குத் தடித்த தங்கூசியை முன்நூலாக இணைப்பது வழக்கம். (தங்கூசியால் ஆன வலை இலங்கையில் தடைசெய்யப்பட்டது, தூண்டிலுக்கு ஒற்றை நூல் கட்டுவது வேறு.)

இவ்விடத்திலேதான் பலர் தவறுகின்றனர். நெற்கட்டுக்கும் வேலிக்கும் இடும் இருமுடிச்சை இங்கே இடலாகாது. அம்முடிச்சு ஒரே பருமனுள்ள கயிற்றால் ஒரு பொதியைச் சுற்றிக் கட்டுவதற்கு உரியது. மெல்லிய வழுக்கு நூலையும் தடித்த நூலையும் அதனால் இணைத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். மேற்கூறிய சுற்று முடிச்சையே இருபுறமும் இடுதல் தகும். இரு நூல்களின் முனைகளையும் எதிரெதிராக ஒன்றோடொன்று இணையாக வைத்து, பின்னல் நூலின் முனையால் தங்கூசியைச் சேர்த்து எட்டுச் சுற்றும், தங்கூசியின் முனையால் பின்னல் நூலைச் சேர்த்து ஐந்து சுற்றும் இட்டு, நனைத்து, இரு பிரதான நூல்களையும் இழுத்தால் இரு முடிச்சுகளும் நெருங்கி ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பழைய வலைகளின் கண்களிலுள்ள முடிச்சும் பருமன் வேறுபட்ட கயிறுகளை இணைக்க வல்லதே; ஆனால் வழுக்கும் பின்னல் நூலில் அது நிலையாது.

பின்னல் நூலை உருளையிற் சுற்றும்போது, முதலில் நாலைந்து சுற்றுத் தங்கூசி சுற்றி அதனோடு பின்னல் நூலை இணைக்க வேண்டும். இன்றேல் நூல் முழுவதும் ஒரே கட்டாக உருளையின்மேற் சுழலும். உருளை திரும்பும், நூல் வராது.

முடிச்சைச் சோதித்தல்

எந்த முடிச்சு தம் கைக்கு உகந்ததென்பதை ஒவ்வொருவரும் வீட்டிலேயே சோதித்து அறியலாம். இரண்டு முழ நூலின் ஒரு முனையில் ஒரு முடிச்சாலும் மறுமுனையில் வேறொரு முடிச்சாலும் இரண்டு வளையங்களைக் கட்டுக. ஒரு வளையத்தை உறுதியான மரக்கிளையில் மாட்டி, மற்றதில் வாளியைத் தொங்கவிட்டு, அளந்து நீரூற்றுக. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். வாளியின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் விட்டுப்போவது எம்முடிச்சோ அதுவே பலங்குறைந்தது. ஒரு முறை செய்து முடிவுகட்டாது, ஐந்தாறு முறை செய்து பார்ப்பதே நன்று. விதைநெல்லின் முளைதிறனை ஒரு மணியைக்கொண்டு எவரும் அளப்பதில்லை.

நூலின் முனையையும் உற்று நோக்குக. அது பன்றிவால்போற் சுருண்டிருப்பின் முடிச்சு வழுக்கிக் கழன்றது. அடுத்த முறை சுற்றுகளைக் கூட்டுதல் வேண்டும். இழைகள் பஞ்சுபோற் பிரிந்திருப்பின் நூல் அறுந்தது. அப்போது முடிச்சைக் குறைகூற வேண்டியதில்லை, தடித்த நூலே தேவை. பத்து முடிச்சுகளை அரைகுறையாகக் கற்பதிலும் இரண்டைத் திருத்தமாகக் கற்பது மேல்.

தோட்டத்திலும் பட்டியிலும்

பாகல், புடோல் பந்தல்களுக்கு மீன்பிடி நூலை இடுவோர் உளர். காய் நிறைந்த கொடியின் பாரத்தால் மெல்லிய பின்னல் நூல் தண்டை அறுத்துவிடும். அதற்குச் சணற் கயிறே போதும். மலிவான பிளாத்திக்குக் கயிறு வெயிலில் நொறுங்கும். வேலியிற் கிடக்கும் யூரியாப் பை சில மாதங்களில் நார்நாராக உதிர்வதை யாவரும் கண்டிருப்பர்.

மாட்டின் கழுத்தில் எக்காரணங்கொண்டும் இறுகும் சுருக்கு இடலாகாது. மிரண்டு ஓடிய கன்று தன் கயிற்றாலேயே மூச்சடைத்து இறக்கும். அங்கே இறுகாக் கண்ணியே வேண்டும். கயிற்றில் ஒரு சிறு வளையம் அமைத்து, கழுத்தைச் சுற்றி வந்த முனையை வளையத்தின் கீழிருந்து மேலே எடுத்து, பிரதான கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மீண்டும் அதே வளையத்தினூடாகக் கீழே இறக்கி இறுக்குக. செயற்கைக் கயிறாயின் முனையை ஒரு சாணேனும் விடுதல் வேண்டும்.

கையும் நூலும்

பின்னல் நூலைக் கையிற் சுற்றி இழுத்தலாகாது. முள் கல்லில் சிக்கியபோது அவ்வாறு இழுத்தால் விரல் எலும்புவரை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கையோடு சேற்றில் இறங்குதல் மேலும் ஆபத்து. ஒரு தடியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, தடியைப் பிடித்து நேராகப் பின்நோக்கி நடக்க வேண்டும். கடலிலிருந்து திரும்பியதும் நூலை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக. முள்ளுக்கு மேலுள்ள முழ நீளமே முதலில் நைந்துபோவதால் அதை அடிக்கடி வெட்டி, புதிதாக முடிச்சிடுதல் நன்று.

வெட்டிய துண்டுகளை வயல் வரம்பிலோ கரையிலோ எறிதல் கூடாது. இந்நூல் மக்காது. புல்லோடு சேர்த்து விழுங்கிய மாட்டின் வயிற்றில் அது பந்தாகத் திரளும். மாரியில் மன்னார்க் கரைகளுக்கு வரும் பறவைகளின் கால்களிலும் சிக்கும். 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் இதே மாவட்டத்தில் உள்ளது. தூண்டிற் பெட்டியினுள் ஒரு பழைய பால்மாப் பேணியை வைத்துத் துண்டுகளை அதிற் சேர்த்து, வீடு திரும்பியபின் விரல் நீளத்திலும் சிறிதாக நறுக்கிக் குப்பையிற் சேர்க்க வேண்டும்.