கையெழுத்துப் போடும் முன்

சாலை விபத்தில் ஒருவர் இறந்து போனால் வீடு இருண்டு போகிறது. அழுது முடிப்பதற்குள் அரிசிக்கும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டியிருக்கிறது. போன உயிரைப் பணம் கொண்டு வராது. ஆனால் இருக்கும் உயிர்கள் வாழ வேண்டும். அதற்காகத்தான் சட்டம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்கிறது. அது பிச்சை அல்ல, தானமும் அல்ல. அது குடும்பத்தின் உரிமை.

அந்த உரிமையைக் கேட்டு வாங்குவது எப்படி? இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

சால்ட் லேக்கில் நடந்தவை

கொல்கத்தா நகரின் கிழக்கே சால்ட் லேக் இருக்கிறது. பிதான்நகர் என்றும் அதற்குப் பெயர். உப்பு நீர் நின்ற சதுப்பு நிலத்தை மண் போட்டு மேடாக்கிக் கட்டிய ஊர். அகலமான சாலைகளும் ஐந்தாம் செக்டரில் கம்ப்யூட்டர் அலுவலகங்களும் உண்டு. பல மாநிலத்து மக்கள் அங்கே பிழைக்கிறார்கள்.

2024 நவம்பரில் அங்கே ஒரு தாய் தன் மகனை ஸ்கூட்டரில் அழைத்து வந்தார். இரண்டு பஸ்கள் ஒன்றை ஒன்று முந்தப் போட்டி போட்டு ஓடின. அதில் பள்ளிச் சிறுவன் இறந்தான்.

2025 ஆகஸ்டில் இன்னொரு விபத்து. கேஷ்டோபூர் கால்வாய் அருகே இருசக்கர வாகனத்தில் ஒரு கார் மோதியது. கார் தீப்பிடித்தது. வீடு வீடாக உணவு கொண்டு கொடுக்கும் இளைஞர் ஒருவர் உயிர் இழந்தார்.

இப்படிப்பட்ட விபத்து எந்த ஊரிலும் நடக்கலாம். சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதன் பெயர் மோட்டார் வாகனச் சட்டம், 1988.

பணம் கொடுப்பது யார்?

சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். இது கட்டாயம். வண்டியால் மற்றவருக்குச் சேதம் வந்தால், வண்டிக்காரருக்குப் பதிலாக இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் வண்டியின் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் தானே சறுக்கி விழுந்து இறந்தால்? வேறு வண்டி மோதவில்லை என்றால் இந்த வழியில் நஷ்ட ஈடு கிடைப்பது கடினம். ஆனால் வண்டி அவருடைய சொந்த வண்டியாக இருந்தால், பாலிசியில் 'தனிநபர் விபத்துக் காப்பீடு' இருக்கிறதா என்று பாருங்கள். 2018 முதல் அந்தத் தொகை 15 லட்சம் ரூபாய். எனவே வண்டி பாலிசியை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள்.

சேர்க்க வேண்டிய தாள்கள்

துக்கத்தில் இருக்கும் வீட்டில் தாள்களைப் பற்றி யாருக்கும் நினைவு இருக்காது. அதனால் உறவினர் ஒருவர் இதைப் பொறுப்பாக எடுத்துக் கொள்ள வேண்டும். ஒரு பையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

1. காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.). புகார் கொடுத்தவருக்கு இதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.
2. பிரேதப் பரிசோதனை அறிக்கை.
3. இறப்புச் சான்றிதழ்.
4. மோதிய வண்டியின் எண், ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், ஓட்டியவரின் லைசென்ஸ் நகல்.
5. இறந்தவரின் வயதுக்குச் சான்று. பள்ளிச் சான்றிதழ் அல்லது ஆதார்.
6. வருமானத்துக்குச் சான்று. சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், முதலாளி கொடுத்த கடிதம்.
7. குடும்பத்தார் யார் யார் என்பதற்குச் சான்று. ரேஷன் அட்டை, வாரிசுச் சான்றிதழ்.
8. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அந்தப் பில்கள்.

மூலத் தாளை யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

காவல் துறைக்கும் கடமை உண்டு. 2022-ல் வந்த விதிப்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் முழு அறிக்கை அனுப்ப வேண்டும். 'அறிக்கை அனுப்பியாகி விட்டதா?' என்று காவல் நிலையத்தில் கேட்கலாம். கேட்பது தவறல்ல.

மனு எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். சால்ட் லேக் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் தலைநகர் பாராசாத்.

அப்படியானால் திருநெல்வேலியில் இருக்கும் மனைவி, சால்ட் லேக்கில் இறந்த கணவனுக்காக வங்காளம் வரை போக வேண்டுமா? வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்தில் போடலாம். மனுப் போடுகிறவர் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். எதிராளி இருக்கும் இடத்திலும் போடலாம். எது வசதி என்று குடும்பம்தான் முடிவு செய்யும்.

காலக் கெடு முக்கியம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்றது. எனவே நாள் தாண்டியவர்களும் வக்கீலைக் கேளுங்கள். ஆனால் தாமதம் செய்யாமல் 6 மாதத்துக்குள் போடுவதே நல்லது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

எவ்வளவு கேட்கலாம்?

இரண்டு வழி உண்டு.

முதல் வழி: யார் மேல் தப்பு என்று காட்டத் தேவையில்லை. இறப்புக்கு 5 லட்சம் ரூபாய். ஆனால் இதை வாங்கிக் கொண்டால் பெரிய வழக்கு முடிந்து போகும். எனவே அவசரப்படக் கூடாது.

இரண்டாம் வழி: எதிர் வண்டியின் தப்பைக் காட்டி முழு நஷ்ட ஈடு கேட்பது. இதற்கு உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் ஒரு கணக்கு முறை வகுத்தது.

நாமும் போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 32. கூலி மாதம் 12,000 ரூபாய். அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என 4 பேர் இருந்தார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

மாத வருமானம்: 12,000
உயிரோடு இருந்தால் வருமானம் உயர்ந்திருக்கும். 40 வயதுக்குக் கீழே உள்ள கூலிக்காரருக்கு 100-க்கு 40 கூட்டு: 4,800
கூட்டினால்: 16,800
அவர் தனக்கென்று செலவு செய்திருப்பார். 4 பேர் நம்பி இருந்தால் நாலில் ஒரு பங்கைக் கழி: 4,200
மீதி: 12,600
ஒரு வருடத்துக்கு 12-ஆல் பெருக்கு: 1,51,200
31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. பெருக்கினால்: 24,19,200

இதோடு இறுதிச் சடங்குக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000, அன்பும் துணையும் இழந்ததற்கு ஒவ்வொருவருக்கும் 40,000 என்று சேரும். இவை 2017-ல் வைத்த தொகைகள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை 100-க்கு 10 உயர்த்தச் சொல்லி இருக்கிறார்கள். பழைய தொகைப்படியே பார்த்தாலும் 4 பேருக்கும் சேர்த்து 1,90,000 ரூபாய் வரும்.

மொத்தம் 26,09,200 ரூபாய். தீர்ப்பாயம் இதற்கு வட்டியும் சேர்க்கச் சொல்லலாம்.

வீட்டு வேலை செய்யும் பெண் இறந்தால் கணக்கு இல்லையா? உண்டு. 2014-ல் தில்லியில் மோட்டார் சைக்கிளில் போன கணவன் மனைவி மேல் கார் மோதி இருவரும் இறந்தார்கள். அந்த வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சமையல், துணி துவைத்தல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் உழைப்புத்தான், அதற்கும் வருமானம் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் 22 லட்சமாகக் குறைத்திருந்த தொகை 33 லட்சத்து 20 ஆயிரம் ஆனது.

'வண்டியில் மூன்று பேர் போனார்கள், அதனால் பணம் கிடையாது' என்று சிலர் மிரட்டுவார்கள். மூன்று பேர் போவது சட்டப்படி தப்புத்தான். ஆனால் விபத்துக்கு அதுவே காரணம் என்று காட்டாமல், அதற்காக மட்டும் நஷ்ட ஈட்டைக் குறைக்கக் கூடாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது.

மோதிவிட்டு ஓடிப் போனால்

மோதிய வண்டி எது என்று தெரியவில்லை. இருட்டில் ஓடிவிட்டது. அப்போதும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல், இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய். இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். எஸ்.டி.ஓ. அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கலெக்டர் ஒப்புதல் கொடுத்ததும் பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதே வழக்கில் 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்குள் வண்டி கிடைக்காவிட்டால், இந்தத் திட்டத்தைப் பற்றிப் போலீசாரே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

தரகர் வந்தால்

சாவு வீட்டுக்குப் பதினாறாம் நாளிலேயே தரகர் வருவது உண்டு. ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

"அத்தை, வாசலில் ஒருவர் வந்திருக்கிறார். கையில் ஐம்பதாயிரம் தருகிறாராம். இதில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்."

"தாளில் என்னம்மா எழுதி இருக்கு?"

"ஒன்றும் எழுதவில்லை. அடியில் என் பெயர் மட்டும் இருக்கு."

"எழுதாத தாளில் கையெழுத்து எதுக்கு? பிறகு அவர் என்ன வேணும்னாலும் எழுதிக்குவார்."

"வீட்டில் அரிசி இல்லையே அத்தை."

"அரிசியை உன் அண்ணனிடம் கடன் கேட்கலாம். பிள்ளைகளின் பங்கைக் கொடுத்து விட்டால் திரும்ப வாங்க முடியாதும்மா. அவரை அனுப்பி விடு. நாளைக்கு நாம் சட்ட உதவிக்குப் போவோம்."

மாமியார் சொன்னது சரி. 26 லட்சம் கேட்கக் கூடிய இடத்தில் 50,000-க்குக் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் யாருக்கு? படிக்கத் தெரிந்தவர் முழுவதும் படித்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர், நம்பிக்கையானவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.

பணம் வந்த பிறகு

1993-ல் கேரளப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை வங்கியில் போட்டு வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பணத்தையும் யாரும் ஏமாற்றாதபடி வங்கியில் பத்திரப்படுத்த வேண்டும். வீடு வாங்குவது போன்ற நல்ல தேவை என்றால் தீர்ப்பாயத்தைக் கேட்டு எடுக்கலாம்.

2025 மார்ச்சில், நஷ்ட ஈட்டுப் பணத்தை நேராகக் குடும்பத்தாரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனவே மனைவியின் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். புத்தகம் அவர் கையில் இருக்க வேண்டும். பணம் வந்ததா என்று அவரே படித்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பாயம் கொடுத்த தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம்.

பேசிப் பார்ப்போம்

1. விபத்து நடந்தால் முதலில் எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்?
2. வெளி ஊரில் இறந்தவருக்காக எந்த எந்த ஊரில் மனுப் போடலாம்?
3. மோதிய வண்டி தெரியாவிட்டால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?
4. வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்தால் என்ன கேடு வரும்?

கணக்குப் போடுவோம்

இறந்தவருக்கு வயது 28. கூலி மாதம் 10,000 ரூபாய். நம்பி இருந்தவர்கள் மனைவியும் ஒரு குழந்தையும் தாயும். மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 26 முதல் 30 வயது வரை பெருக்கும் எண் 17. மேலே பார்த்தபடி வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

எழுதிப் பார்ப்போம்

உங்கள் வீட்டு வண்டியின் பாலிசியை எடுங்கள். பாலிசி எண், கம்பெனியின் பெயர், முடியும் தேதி ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். நோட்டு இருக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.