எக்ஸ்ரேயில் நிற்கும் தழும்பு

அன்புள்ள தம்பி,

டிபிக்கு ஆறு மாத மாத்திரையையும் முடித்து, சளியில் கிருமி இல்லை என்று டாக்டரும் சொன்ன பிறகு, வளைகுடா மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்று எப்படி வரும் என்று கேட்டிருக்கிறாய். வரும். தலைமுறையாகக் கடல் கடந்து பிழைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் லால்பேட்டைக்கும் இது புதுச் செய்தி அல்ல.

காசநோய் ஆறினாலும் பலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கிவிடும். தழும்பு யாருக்கும் தொற்றாது. ஆனால் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆறும் சேர்ந்து வைத்திருக்கும் மருத்துவ விதிக்கு ஆறிய தழும்பும் தகுதிக்குறைவுதான். சென்னை மெடிக்கல் மையத்தில் அப்படிப் பதிவானால் பாஸ்போர்ட் எண்ணோடு அந்த நாடுகளின் ‘வாஃபித்’ என்ற பொதுப் பதிவுக் கணினியில் ஏறிவிடும். திருச்சி மையத்துக்குப் போனாலும் தெரியும். 2016இல் அமீரகம் கொஞ்சம் இறங்கிவந்தது. அங்கேயே வசித்து விசாவைப் புதுப்பிப்பவருக்கு நோய் தெரிந்தால், ஊருக்கு அனுப்பாமல் சிகிச்சை தர வழிசெய்தது. புதிதாகப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

காசநோய் வந்தவரிடமிருந்து பரவிவிடும் என்ற பயம்தான் இந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குச் சென்னையே எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1956இல் தொடங்கிய ஆய்வில் 193 காசநோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மீதிப் பேருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். குணம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் கதையே இப்படி என்றால், குணமானவனைத் திருப்பி அனுப்புவதைப் பழைய பீதி என்றுதான் சொல்ல வேண்டும். நோய் திரும்ப வரும் வாய்ப்பு சிறிது உண்டு. அதற்குக் கண்காணிப்பு போதும்.

ஆஸ்திரேலியா அதைத்தான் செய்கிறது: வந்திறங்கியதும் பரிசோதனைக்கு வருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விசா தருகிறது. பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா என்றால், இங்கேயே அவர்கள் அங்கீகரித்த மையத்தில் எக்ஸ்ரே. படத்தில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் சளி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைப்பார்கள். முடிவுக்கு எட்டு வாரம் ஆகலாம் என்பதால், வேலையில் சேரும் தேதியை அதற்கேற்ப முதலாளியிடம் பேசிக்கொள்.

எங்கே போனாலும் காகிதம் கையில் இருக்க வேண்டும். நீ மருந்து வாங்கிய இடம் கடலூர் அரசு மருத்துவமனையோ அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரியோ எதுவானாலும், அரசின் காசநோய்ப் பதிவான நிக்‌ஷய் எண், சிகிச்சை அட்டை, கடைசிச் சளிப் பரிசோதனை முடிவு, சிகிச்சை முடித்த சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கு. பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதே. மாதக்கணக்கில் தழும்பு மாறாமல் நிற்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

“படத்தை மாற்றிவிடலாம்” என்று ஏஜெண்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. வளைகுடாவில் இறங்கியதும் இன்னொரு மெடிக்கல் உண்டு. அங்கே மாட்டினால் கடனோடு திரும்ப வேண்டியதுதான். பதிவுபெற்ற ஏஜெண்ட் விதிப்படி வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அந்தப் பணத்தையும் இப்போதே கொடுக்காதே. முதலில் சிதம்பரத்திலேயே ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்து நெஞ்சக மருத்துவரிடம் காட்டு. எல்லோருக்கும் தழும்பு நிற்பதில்லை. அவர் படத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு எந்த நாடு என்று முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அண்ணன்